தேமல் என்னும் உரைச்சொல்: சங்க இலக்கியத் தோற்குறிகளும் தோலியல் விவரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மனிதத் தோலின் மேல் தோன்றும் குறிகளையும் நிறமாற்றங்களையும் சங்க இலக்கியம் சுணங்கு, திதலை, பசலை முதலிய சொற்களால் சுட்டுகிறது. இவற்றுள் முதலிரண்டையும் உரைகளும் அகராதியும் ‘தேமல்’ என்னும் ஒரே சொல்லால் விளக்கின. இன்றைய வழக்கில் தேமல் ஒரு தோல்நோயின் பெயராகிவிட்டமையால், அழகின் குறியாகப் பாடப்பட்டவை நோயின் குறியாகப் படிக்கப்படுகின்றன. பசலையோ இரத்தசோகை என்றும் காமாலை என்றும் பெயர் மாற்றப்படுகிறது. தோலின் கட்டமைப்பு, செயல், நிறம் ஆகியன பற்றிய இன்றைய அறிவைத் துணைக்கொண்டு இவ்விரு வாசிப்புகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சங்கத் தோற்சொற்கள் பழுப்புத் தோலை உற்றுநோக்கியதால் பிறந்த விவரிப்புச் சொற்கள் என்பதும், அவற்றை மருத்துவத்தோடு ஒப்பிட வேண்டின் அவ்வொப்பீடு நோயறிதல் நிலையில் அமையாமல் விவரிப்பு நிலையில் அமைய வேண்டும் என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: சுணங்கு, திதலை, பசலை, மாமை, தேமல், தோலியல், உரைமரபு, வெண்புள்ளி

முன்னுரை

இளங்கலை வகுப்பொன்றில் குறுந்தொகையின் 337ஆம் பாடலை நடத்தியபோது, ‘சுணங்கு – தேமல்’ என்னும் அருஞ்சொற்பொருளைப் படித்த மாணவி ஒருவர், “தேமலுக்கு மருந்துதானே போட வேண்டும், அதை ஏன் அழகென்று பாடுகிறார்கள்?” என்று வினவினார். வகுப்பு சிரித்தது. ஆயினும் வினா சிரிப்புக்குரியதன்று. பாடலுக்கும் மாணவிக்கும் இடையே நின்ற உரைச்சொல்லே அவ்வினாவை எழுப்பியது. கட்டுரையாளரிடம் அன்று நிறைவான விடை இல்லை.

‘சங்க இலக்கியத்தில் மருத்துவம்’ என்னும் பொருண்மையில் கட்டுரைகள் பெருகிவரும் காலம் இது. அவற்றுள் பல, பழஞ்சொல் ஒன்றை எடுத்து அதற்கு நேராக இன்றைய நோய்ப்பெயர் ஒன்றை வைத்து, முன்னோர் இதனையும் அறிந்திருந்தனர் என்று முடிக்கின்றன. இம்முறையால் பழந்தமிழரின் அறிவுப் பெருமை நிறுவப்படுவதாகத் தோன்றலாம். ஆனால் பாடல் உண்மையில் எதனைக் கண்டது, எவ்வாறு கண்டது என்பது இதனால் மறைந்துபோகிறது. இதனைத் தெளிவுபடுத்த, முதலில் தோலைப் பற்றிய அடிப்படைச் செய்திகள் சிலவற்றை நினைவுகூர்ந்து, பின்னர்ச் சுணங்கு, திதலை, பசலை ஆகிய மூன்று சொற்களையும் இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது. சங்கப் பாடல்களோடு, பசலையை ஓர் அதிகாரமாகவே விரித்த திருக்குறளும் இங்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

தோலின் கட்டமைப்பும் நிறமும்

வளர்ந்த மனிதரின் தோல் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை பரப்புடையது. அது மேல்தோல், அடித்தோல் என இரு அடுக்குகளாகவும், அவற்றின் கீழ்க் கொழுப்பு நிறைந்த தோலடித் திசுவாகவும் அமைந்துள்ளது. மேல்தோல் இமையில் 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது, உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை தடித்தது. அதன் அடிவரிசையில் பிறக்கும் செல்கள் மேல்நோக்கி நகர்ந்து, கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, உயிரற்ற செதில்களாகி உதிர்கின்றன. இச்சுழற்சிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். மேல்தோலில் குருதிக்குழாய் இல்லை. குருதிக்குழாய், நரம்பு முனை, மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி ஆகியன அடித்தோலைச் சார்ந்தவை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளும் இழுத்தால் மீளும் தன்மை தரும் எலாஸ்டின் இழைகளும் அங்கேயே உள்ளன. நீரிழப்பைத் தடுத்தல், நுண்ணுயிர்களை எதிர்த்தல், உடல்வெப்பத்தைச் சமன்செய்தல், தொடுவுணர்வைத் தருதல், சூரிய ஒளியின் துணையால் வைட்டமின் டி உருவாக்கத்தைத் தொடங்கிவைத்தல் ஆகியன தோலின் முதன்மைச் செயல்கள்.

இக்கட்டுரைக்கு இன்றியமையாதது தோலின் நிறம். மேல்தோலின் அடிவரிசையில் இடையிடையே அமைந்த நிறமிச்செல்கள் மெலனின் என்னும் நிறமியை உருவாக்கிச் சுற்றியுள்ள செல்களுக்கு வழங்குகின்றன. கரிய தோலினர்க்கும் வெளிறிய தோலினர்க்கும் நிறமிச்செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. உருவாகும் மெலனினின் அளவும் வகையும், அதனைத் தாங்கும் நுண்மணிகளின் பருமனும் பரவலுமே வேறுபடுகின்றன. மெலனினோடு குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் சிவப்பும், உணவின் வழிவரும் கரோட்டினின் மஞ்சளும் சேர்ந்தே கண்ணுக்குப் புலப்படும் நிறமாகின்றன.

இவற்றுள் மெலனின் மெல்ல மாறுவது. வெயிலால் கருத்த தோல் தன்னிலைக்கு மீள வாரங்கள் ஆகும். குருதியின் பங்கோ நொடியில் மாறுவது. தன்னியக்க நரம்புகளின் ஏவலால் அடித்தோலின் நுண்குழாய்கள் விரிந்தும் சுருங்கியும் நாணம், அச்சம், குளிர் ஆகியவற்றை உடனுக்குடன் முகத்தில் காட்டுகின்றன. தோலின் நிறத்துக்கு இவ்வாறு இரு காலக்கணக்குகள் உண்டு என்பது பசலையைப் படிக்கும்போது துணைசெய்யும்.

சுணங்கு: வளர்ச்சியின் குறி

குறுந்தொகை 337இல் தலைவன் தோழியிடம் தலைவியின் பருவ வளர்ச்சியை எடுத்துரைக்கிறான். மார்பு அரும்பியமை, கூந்தல் தழைத்துத் தாழ்ந்தமை, விழுந்தெழுந்த பற்கள் நிரம்பியமை ஆகியவற்றை வரிசைப்படுத்தும் அவன், சுணங்கு சில தோன்றியமையையும் அவ்வரிசையில் சேர்க்கிறான். பாடலின் அடுக்குமுறையே இங்குச் சான்று. பல்லும் கூந்தலும் எவ்வகையின எனக் கருதப்பட்டனவோ சுணங்கும் அவ்வகையினதே. உரிய காலத்தில் உடல் தானே ஈனும் குறி அது. அரிப்பு, மருந்து, மறைக்கும் முயற்சி ஆகியவற்றுள் எதற்கும் பாடலில் இடமில்லை. சங்கப் பாடல்கள் பலவும் சுணங்கை மார்பின் மேல் சிதறிய பொன்னிறப் புள்ளிகளாகக் காட்டி, உதிர்ந்த வேங்கை மலரோடு உவமிக்கின்றன.

உ.வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு (1937) முதலிய உரைகளிலும், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும் (1924–1936) சுணங்குக்கும் திதலைக்கும் தேமல் என்பது பொருளாகத் தரப்பட்டுள்ளது. இவ்வுரை பிழையானது என்று கூறிவிட இயலாது. மகளிர் மேனியில் அழகெனக் கருதப்பட்ட புள்ளிகளையும் தேமல் என்னும் சொல் முன்னர்க் குறித்தது; பேரகராதியும் அழகோடு சார்த்தியே விளக்குகிறது. அறியாச் சொல்லை அறிந்த சொல்லால் விளக்குவது உரையின் இயல்பு. அறிந்த சொல்லே பின்னர் இடம்பெயர்ந்துவிட்டது. பாடல் நின்ற இடத்திலேயே நிற்க, உரைச்சொல் நகர்ந்துவிட்டமையால் பொருள் திரிந்தது.

இன்று தேமல் எனப்படுவது பெரும்பாலும் இரண்டு நிலைகளைக் குறிக்கும். ஒன்று, மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் மார்பு, முதுகு, கழுத்து, தோள் ஆகிய பகுதிகளில் தோன்றும் மெல்லிய செதிலுடைய திட்டு. இப்பூஞ்சை நலமான தோலிலும் வாழ்வது. வெப்பமும் ஈரப்பதமும் மிகும்போது பெருகி, நிறமி உருவாக்கத்தைத் தடைசெய்கிறது. மருந்தால் பூஞ்சை ஒழிந்த பின்னரும் நிறம் மீளச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். மற்றொன்று, குழந்தைகளின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய திட்டு. இது பூஞ்சையால் வருவதன்று. வறண்ட தோலோடும் ஒவ்வாமைத் தோலழற்சியோடும் தொடர்புடையது. வயிற்றுப்பூச்சியால் வருவது என்ற நம்பிக்கை இதைப் பற்றி மக்களிடையே பரவலாக உண்டு.

இங்கு ஓர் எதிர்வாதத்தை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். எண்ணெய்ச் சுரப்பிகள் பருவமெய்தும் காலத்தில் ஊக்கம் பெறுகின்றன. மலசீசியா கொழுப்பை உண்டு வாழ்வது. எனவே இத்தொற்று வளரிளம் பருவத்தினரிடம், அதிலும் மார்புப் பகுதியில், மிகுதியாகக் காணப்படுகிறது. சுணங்கும் அதே பருவத்தில் அதே இடத்தில் தோன்றுவதாகப் பாடப்படுகிறது. ஆகவே இரண்டும் ஒன்றே என ஒருவர் வாதிடலாம். புலவர் கண்ட பொருள் ஒருவேளை அதுவாகவே இருந்திருக்கலாம் என்பதை மறுக்கச் சான்றில்லை, ஏற்கவும் சான்றில்லை. ஆனால் சொல்லின் பொருளை முடிவுசெய்வது சுட்டப்படும் பொருள் மட்டுமன்று. அச்சொல் எவ்வினத்தில் வைத்து எண்ணப்படுகிறது என்பதும் ஆகும். குறுந்தொகைப் பாடல் சுணங்கை வளர்ச்சியின் இனத்தில் வைத்தது. அதனைத் தொற்றுநோயின் இனத்துக்கு மாற்றும் உரை, பொருளைச் சரியாகச் சுட்டினாலும் சொல்லைத் தவறாகவே விளக்கியதாகும்.

திதலை: வரியும் பொன்னும்

சுணங்கு புள்ளியாகச் சிதறுவது; திதலை பல இடங்களில் வரியாக ஓடுவது. திருமுருகாற்றுப்படையில் விண்ணுலக மகளிர் மாந்தளிர் போன்ற மேனியராகவும், பொன்னை உரைத்த கோடு போன்ற திதலையினராகவும் வருணிக்கப்படுகின்றனர். பொன்னின் மாற்றறியக் கரிய கட்டளைக்கல்லில் உரைக்கும்போது மெல்லிய ஒளிக்கோடு விழும். மாந்தளிர் மேனியின் மேல் விளங்கும் பொற்கோடு என்னும் இவ்வுவமை நிறத்தை மட்டுமன்றி வடிவத்தையும் அடிநிறத்துக்கும் குறிக்கும் இடையிலான வேறுபாட்டையும் ஒருங்கே உணர்த்துகிறது. நற்றிணை 370இலோ மகனை ஈன்ற மனைவியிடம் கணவன் விளையாட்டாகப் பேசுகிறான். தாயானதால் பெயர் மாறியதையும், வரிகளையுடைய திதலை பொருந்திய இடைக்கீழ்ப் பகுதியோடு அவள் முதுபெண்டானதையும் சொல்லிச் சீண்டுகிறான். பேரகராதி திதலைக்குத் தேமல் என்பதோடு, ஈன்ற மகளிரின் வெளுப்பு நிறம் என்னும் பொருளையும் தருவது இத்தகைய இடங்களை உளங்கொண்டே எனலாம்.

தோலியல் இங்கு ஒரு வடிவ ஒப்புமையைத் தருகிறது. தோல் விரைந்து விரியும்போது, அடித்தோலின் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்து இணைகோடுகளாகத் தடம் பதிகின்றன. கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் வயிற்றிலும் இடுப்பிலும் இவை தோன்றுவது மிகப் பொதுவானது. விரைந்து வளரும் வளரிளம் பருவத்திலும் தொடை, இடுப்பு, மார்பு ஆகிய இடங்களில் தோன்றும். தொடக்கத்தில் செந்நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ இருந்து, பின்னர்ச் சுற்றியுள்ள தோலைவிட வெளிறி, ஒளிபட்டால் சற்றே மினுங்கும் கோடுகளாக இவை மாறுகின்றன. இது நோயன்று, உடலின் வளர்ச்சி தோலில் விட்டுச்செல்லும் சுவடு.

திதலை என்பது இக்கோடுகளே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாறு கூறின், பிறரிடம் மறுத்த முறையைத் தானே கைக்கொண்டதாகும். திதலை வரியாகக் கூறப்படாத இடங்களும் உள்ளமையால் ஒரே விடை எல்லாப் பாடலுக்கும் பொருந்தாது. ஆனால் வரிவடிவம், இடைக்கீழ் இடம், மகப்பேற்றுக்குப் பிந்திய காலம் ஆகிய மூன்றும் நற்றிணைப் பாடலில் ஒருங்கே அமைந்துள்ளன என்று சுட்டலாம். தேமல் என்னும் உரை இம்மூன்றுள் ஒன்றையும் உணர்த்தவில்லை. திட்டாகப் பரவுவதையும் கோடாக ஓடுவதையும் ஒரே சொல்லால் விளக்கும்போது, புலவர்கள் பேணிய வேறுபாடு படிப்போர்க்கு எட்டாமல் போகிறது. சுணங்குக்கும் திதலைக்கும் ஒரே பொருளாயின் இரு சொற்கள் எதற்கு என்னும் எளிய வினாவும் எழாமலே போகிறது.

பசலை: இரு காலக்கணக்குகள்

பசலையை இரத்தசோகை என்போர் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைச் சான்றாகக் கொள்ளலாம். அங்குப் பசலை பாய்தலும் உணவு குறைதலும் உடல் மெலிதலும் அடுத்தடுத்து எண்ணப்படுகின்றன. துயில் மறுத்தலும் அத்தொகுதியில் இடம்பெறுகிறது. உண்ணாமையால் குருதி குன்றி மேனி வெளிறும் என்பது மருத்துவத்துக்கு முரணானதன்று. காமாலை என்போர்க்கு, பசலை பீர்க்கம்பூவின் நிறத்தோடு உவமிக்கப்படுவதும், கண் பசந்தது எனப் பாடப்படுவதும் சான்றாகும். குருதியில் பிலிரூபின் மிகும்போது விழிவெண்மை மஞ்சளாதல் காமாலையின் முதன்மையான அடையாளம்.

ஆனால் பசலை தோன்றும் விரைவை இவ்விரு வாசிப்புகளும் கணக்கில் கொள்வதில்லை. தழுவிக் கிடந்தவள் சற்றே புடைபெயர்ந்த அளவில் பசலை வந்து பற்றியதாகக் குறள் 1187 கூறுகிறது. விளக்கு அணையும் வேளையை எதிர்நோக்கியிருக்கும் இருளைப் போல, தழுவல் தளரும் வேளையைப் பசலை எதிர்நோக்கியிருப்பதாக 1186 கூறுகிறது. தழுவலின் ஊடே குளிர்காற்று நுழைந்த அளவில் கண் பசந்ததாக 1239 பாடுகிறது. பரணர் பாடிய குறுந்தொகை 399இல், ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியைப் போலத் தலைவன் தொடுந்தோறும் பசலை நீங்குகிறது, விடுந்தோறும் பரவுகிறது. காமாலையோ இரத்தசோகையோ இவ்வாறு நொடியில் வந்து நொடியில் நீங்குவதில்லை. மேலும், குறள் 1183 தலைவன் தந்து சென்றவற்றுள் நோயையும் பசலையையும் தனித்தனியே எண்ணுகிறது. நோய் என்பது அங்குக் காமநோயே எனினும், பசலை அந்நோயின் மறுபெயர் அன்று. நோயோடு உடன்வைத்து எண்ணப்படும் வேறொன்று.

தோலின் நிறம் இரு காலக்கணக்குகளில் மாறுவது என மேலே கண்டோம். பசலையும் அவ்வாறே இரு கணக்குகளில் இயங்குகிறது. வளை நெகிழ்தலோடும் தோள் மெலிதலோடும் சேர்ந்து வரும் பசலை நாட்கணக்கினது. கை நெகிழ்ந்த அளவில் வரும் பசலை நொடிக்கணக்கினது. உணர்ச்சியால் தோலின் குருதியோட்டம் மாறுவதைக் கண்ட அனுபவம், நெடும்பிரிவால் உடல் வாடுவதைக் கண்ட அனுபவம் ஆகிய இரண்டையும் இணைத்து, அதன்மேல் கவிதை தன் மிகையை ஏற்றிப் படைத்த குறியே பசலை. ஒரு நோய்ப்பெயரைச் சூட்டினால் இவற்றுள் ஒன்று மட்டுமே எஞ்சும். மிகையோ முற்றும் உதிர்ந்துவிடும்.

பசலையின் நிறமும் சிந்தனைக்குரியது. ஆங்கிலவழி மருத்துவக் கல்வியில் வெளிறல் என்றால் வெண்மை என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. வெள்ளைத் தோலில் குருதி குறைந்தால் வெண்மை புலப்படும். பழுப்புத் தோலில் குருதியின் செம்மை விலகும்போது புலப்படுவது மஞ்சள் சார்ந்த பழுப்பு; மிகக் கரிய தோலில் சாம்பல் நிறம். தோல் எவ்வாறு வெயிலை ஏற்கிறது என்பதைக் கொண்டு தோல் வகைகளைப் பகுக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975இல் உருவானபோது வெள்ளைத் தோலை மட்டுமே கருதியது. பழுப்பும் கறுப்பும் பின்னரே சேர்க்கப்பட்டன. கரிய தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்பதை விளக்கும் ‘மைண்ட் த கேப்’ என்னும் கையேடு லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டேயின் முயற்சியால் 2020இல்தான் வெளிவந்தது. தமிழ்க் கவிதையோ வாட்டத்தின் நிறத்தைப் பீர்க்கம்பூவின் மஞ்சளாகவே கண்டது. வேறு தோலை அளவாகக் கொள்ளாமல் தன் கண்முன் இருந்த தோலைப் பார்த்ததன் விளைவு இது.

மாமை என்னும் சொல்லையும் இதனோடு இணைத்துக் காண வேண்டும். அழகு, மாந்தளிர் நிறம், கருமை என உரைகள் பலவாறு விளக்கும் இந்நிறமே பசலையால் உண்ணப்படுவதாகப் பாடப்படுகிறது. வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 27 இதற்குச் சிறந்த சான்று. மாநிறம் குன்றுவது அங்கு இழப்பு. நிறம் வெளுப்பதே பேறு எனக் களிம்புகளை விற்கும் இன்றைய சந்தையின் அளவுகோல் இதற்கு நேர்மாறானது. எனினும், சங்கச் சமூகம் நிறத்தால் எவரையும் தாழ்த்தவில்லை என்று இதனைக்கொண்டு முடிவுகட்டுவது மிகை. இச்சொற்கள் பெரும்பாலும் பெண்ணுடலின் மேலேயே விழுகின்றன என்பதும், ஆணின் தோலுக்குரியனவாக விழுப்புண்ணும் வடுவும் தழும்பும் நிற்கின்றன என்பதும் மறக்கத்தக்கன அல்ல. பெண்ணின் தோல் காதலையும் ஆணின் தோல் போரையும் எழுதும் பரப்புகளாகப் பகுக்கப்பட்டமை தனி ஆய்வுக்குரியது.

விவரிப்பும் நோயறிதலும்

தோலியல் ஒரு தனித்துறையாக உருப்பெற்ற வரலாறே இங்கு முறையியல் பாடமாகிறது. லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் 1808இல் வெளியிட்ட நூலில், தோல்நோய்களைக் காரணத்தால் பகுக்காமல் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தால் பகுத்தார். பரு, செதில், கொப்புளம், சீழ்க்கொப்புளம், புள்ளி என்பன போன்ற எட்டு வகைகள் அவருடையவை. நோய்க் கிருமிகள் பற்றிய அறிவு அன்று இல்லை; தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டின் ஹான்சன் கண்டறிந்தது 1873இல்தான். காரணம் அறியாத காலத்தில் செய்த வடிவப் பகுப்பு, காரணம் அறிந்த பின்னரும் நிலைத்தது. இன்றும் தோல் மருத்துவர் முதலில் விவரிக்கிறார்: தட்டையா, மேடா, 1 சென்டிமீட்டருக்கு உட்பட்டதா, மேற்பட்டதா, நீர் கோத்ததா, சீழ் கோத்ததா, எவ்விடத்தில், எப்போதிருந்து. நோயின் பெயர் அதற்குப் பின்னரே வருகிறது.

தமிழ் மக்கள் வழக்கும் இம்முறைக்கு அயலானதன்று. படர்தாமரை விளிம்பு விரியும் வட்ட வடிவத்தால் பெயர் பெற்றது. கால் ஆணி இடத்தாலும் உணர்வாலும். வேர்க்குரு வியர்வையோடும் சிறுமேட்டோடும் உள்ள தொடர்பால். காளாஞ்சகப்படை, ‘படை’ எனும் பரந்த தடிப்பின் தோற்றத்தால். திடீரெனத் தடித்து மறைவதைக் காணாக்கடி என்றபோது மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று கடித்தது எனக் காரணம் ஊகிக்கப்பட்டது. ஊகத்தால் பிறந்த பெயர் அறிவு வளர்ந்ததும் பொருந்தாமல் போகிறது. விவரிப்பால் பிறந்த பெயர் நிலைக்கிறது.

சுணங்கும் திதலையும் பசலையும் இவ்விவரிப்பு மரபைச் சார்ந்தவை. வடிவம், இடம், காலம், அடிநிறத்தோடு கொண்ட வேறுபாடு ஆகியன அவற்றின் கூறுகள். தோலியலோடு அவை சந்திக்கக்கூடிய இடமும் இதுவே. நோய்ப்பெயரில் சந்திக்க வைத்தால் இரண்டில் ஒன்று சிதையும்.

பெயரின் விளைவு: வெண்குட்டம்

சொல்லாராய்ச்சி என்னும் அளவில் இச்சிக்கல் முடிந்துவிடுவதில்லை. நிறமிச்செல்கள் அழிவதால் தோலில் வெண்திட்டுகள் தோன்றும் நிலை ஒன்றுண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் தன் நிறமிச்செல்களையே தாக்குவது இதன் முதன்மைக் காரணம். இது தொற்றுவதில்லை, திட்டில் தொடுவுணர்வு குறைவதில்லை. தொழுநோயோ கிருமியால் வருவது, நரம்புகளைத் தாக்குவது, அதன் வெளிறிய திட்டில் உணர்வு குன்றியிருக்கும். இரண்டுக்கும் உறவில்லை. ஆயினும் முன்னது ‘வெண்குட்டம்’, ‘வெண்குஷ்டம்’ எனப் பெயர் பெற்றது. குட்டம் என்னும் அவ்வொரு சொல் அறிவியலில் இல்லாத உறவை ஊரின் வாயில் உண்டாக்கிவிட்டது. வெண்திட்டு உடையவர்கள் திருமணத்திலும் பணியிலும் பட்ட இழிவுக்கு நோயைவிடப் பெயரே பெருங்காரணம். பாதிக்கப்பட்டோரின் இயக்கம் இடைவிடாது வலியுறுத்தியதன் பயனாக, வெண்குஷ்டம் என்பதைத் தவிர்த்து வெண்புள்ளி எனக் குறிக்கத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. புதிய பெயர் எதனையும் ஊகிக்கவில்லை; கண்டதை மட்டும் சொல்கிறது. சங்கச் சொற்களின் நெறியும் அதுவே.

தொழுநோயுற்றோர்க்கும் இவ்விலக்கு பொருந்தும். பலமருந்துக் கூட்டுச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது முதல் அது முற்றும் குணமாகக்கூடிய நோய். ஆயினும் இந்தியாவில் அதனை மணமுறிவுக்குரிய காரணமாக ஏற்றிருந்த சட்டப் பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன. ஆகவே ‘குட்டம்’ என்பதை வெண்புள்ளியிலிருந்து விலக்கியதோடு பணி முடிந்தது எனக் கருதலாகாது. அச்சொல்லில் ஏறிய இழிவே எதிர்க்கத்தக்கது.

குறள் 1188 இவ்விடத்தில் புதுப்பொருள் பெறுகிறது. இவள் பசந்தாள் என்று பேசுவோர் உளரேயன்றி, இவளை அவர் பிரிந்து சென்றார் என்று பேசுவோர் இலர் எனத் தலைவி நொந்துகொள்கிறாள். ஊர் தோலைப் பார்க்கிறது. தோலின் மேல் உள்ள குறியை அதனைச் சுமப்பவளின் குற்றமாக்குகிறது. அதற்கு முன் நிகழ்ந்ததைக் கேட்பதில்லை. பெயரிடுவோர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய குறை இது.

முடிவுரை

சுணங்கு பருவ வளர்ச்சியின் இனத்தில் எண்ணப்பட்ட புள்ளிக்குறி. திதலை பல இடங்களில் வரிவடிவக் குறி. பசலை இரு காலக்கணக்குகளில் இயங்கும் நிறமாற்றம். மூன்றும் பழுப்புத் தோலைப் பார்த்துப் பழகிய கண்ணின் சொற்கள். தேமல் என்னும் உரை ஒருகாலத்தில் பொருந்தியது. அச்சொல் நோய்ப்பெயராகிவிட்ட இன்று அது பாடலை மறைக்கிறது.

பாடநூல்களிலும் மாணவர் பதிப்புகளிலும் ‘சுணங்கு – இளம்பருவத்தில் மார்பில் தோன்றும் பொன்னிறப் புள்ளிகள்; பழைய உரைகளில் தேமல் எனப்படும்; இன்று தேமல் எனப்படும் நோயைக் குறிப்பதன்று’ என்பது போல அருஞ்சொற்பொருள் அமையலாம். திதலைக்கு வரி, புள்ளி ஆகிய வேறுபாடு இடம்நோக்கிக் காட்டப்பட வேண்டும். பசலைக்கு எந்நோயின் பெயரையும் இணையாகத் தருதல் கூடாது. வகுப்பில் கேட்ட மாணவிக்கு இன்று கூறக்கூடிய விடை இதுவே: பாடல் அழகென்று சொன்னது தேமலை அன்று. நாம் தேமல் என்று எழுதினோம். அதனால் அவர் மருந்தைத் தேடினார்.